மாயாவி எழுப்பிய சுவர்

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில், தரையில் விரித்த நீலத் தார்ப்பாயின் மேல் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்று, முதுகு கிழிந்த முத்து காமிக்ஸ். அட்டையில் ஓர் இரும்புக் கை மட்டும் இருந்தது. கைக்குச் சொந்தக்காரனைக் காணோம். இன்னொன்று, வெள்ளைச் செங்கல் வரிசை அச்சிட்ட கேசட். எனக்கு அப்போது 15 வயது.

"ரெண்டும் சேத்து ரெண்டு வெள்ளி. எடுத்துக்க தம்பி," என்றார் கடைக்காரப் பெரியவர்.

"கடைசிப் பக்கமெல்லாம் இல்லையே மாமா?"

"அதான் ரெண்டு வெள்ளி."

அன்றிரவு காதில் ஹெட்போனும் மடியில் காமிக்ஸுமாக உட்கார்ந்தேன். கதை பாதியில் அறுந்த இடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறுந்த கதைக்குப் பாட்டே முடிவைச் சொல்லிவிட்டதாகத் தோன்றியது. பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் 'தி வால்', அதாவது 'சுவர்', இரும்புக்கை மாயாவியின் கதைதான் என்று அன்று முடிவு கட்டினேன். இன்றுவரை அந்த ஊகத்தை நான் கைவிடவில்லை.

லண்டனில் பிறந்து சிவகாசியில் வளர்ந்தவன்

இரும்புக்கை மாயாவி தமிழுக்கு வந்த விருந்தாளி. 1962 அக்டோபர் 6 தேதியிட்டு லண்டனில் வெளியான 'வேலியண்ட்' வார இதழின் முதல் இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் அவன் பிறந்தான். அதற்கு முந்தைய நாள்தான் பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' இசைத்தட்டு கடைக்கு வந்தது. ஜேம்ஸ் பாண்டின் முதல் படமும் அன்றே திரையேறியது. தொடக்கக் கதைகளை எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. நிழலையும் வெளிச்சத்தையும் அவர் பிரித்து வைத்த விதத்தைப் பார்த்தால், வண்ணம் இல்லாத குறையே தெரியாது.

கதாநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அவன் மறைந்துபோவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இந்தச் சக்தி கிடைத்ததும் அவன் செய்த முதல் வேலை திருட்டு. நல்லவனாகப் பிறந்து நல்லவனாகவே வாழ்ந்த மற்ற காமிக்ஸ் வீரர்களிடமிருந்து அவனைப் பிரிப்பது இதுதான். மாயாவி எதிர்நாயகனாகத் தொடங்கினான். பிறகுதான் திருந்தி, 'நிழற்படை' என்ற உளவு அமைப்பில் சேர்ந்தான்.

1972-இல் சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது, முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி வேறு ஆள். அவர் காட்டில் வாழும் ஃபாண்டம். ஆனால் எங்கள் தலைமுறையில் மாயாவி என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, சுவிட்ச் போர்டுக்குள் விரலை விடும் அந்த இரும்புக் கைதான்.

அதே 1972 பிப்ரவரியில், நீண்ட முடி வைத்திருந்தார்கள் என்பதால் லெட் செப்பலின் ராக் குழுவுக்குச் சிங்கப்பூரில் அனுமதி மறுக்கப்பட்டது. ராக் இசை விமான நிலையத்தைத் தாண்ட முடியாத ஆண்டில், மாயாவி தமிழ்க் கப்பலேறிவிட்டான்.

ஒரே கதையாகும் பாட்டுகள்

தனித்தனிப் பாட்டுகளாக இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கருவைச் சொல்லும் இசைத்தொகுப்பைக் கான்செப்ட் ஆல்பம் என்பார்கள். நம் ஊருக்கும் இது புதிதன்று. 1992-இல் சிங்கப்பூரில் உருவான 'ருத்ரா' குழு, உபநிடதச் சிந்தனையை மெட்டல் இசையில் ஏற்றி, 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற பெயரில் மூன்று ஆல்பங்களை ஒரே தொடராக வெளியிட்டது. அவர்களது இசையைப் பற்றி ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்.

'தி வால்' 1979 நவம்பர் 30 அன்று வெளியானது. இரண்டு இசைத்தட்டுகள், 26 பாட்டுகள். பிங்க் என்ற பாடகன் போரில் தந்தையை இழக்கிறான். பள்ளிக்கூடம், தாயின் அதீத அரவணைப்பு, முறிந்த திருமணம் என ஒவ்வொரு காயமும் ஒரு செங்கல். கடைசியில் உலகம் அவனைப் பார்க்க முடியாதபடி சுவர் முழுதாக எழுந்து நிற்கிறது.

முடிச்சு முடிச்சாக

இனி என் வாதம். இருவருக்கும் தொடக்கம் ஓர் இழப்பு. கிராண்டேலுக்குக் கை, பிங்க்குக்குத் தந்தை. இருவரும் அந்த இழப்பின் மேல் ஒரு கவசத்தைப் பூட்டிக்கொள்கிறார்கள். ஒருவனுக்கு இரும்பு, மற்றவனுக்குச் செங்கல்.

அடுத்தது மின்சாரம். நினைவின்றிக் கிடக்கும் பிங்க்கை மேடையேற்ற ஒரு மருத்துவர் ஊசி போடுகிறார். ஊசி இறங்கியதும் எழுந்து நிற்பவன் பழைய பிங்க் இல்லை. மாயாவி மின்கம்பியைத் தொடும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். உடம்பு துடிக்கிறது, மறுகட்டத்தில் ஆள் இல்லை, வேறொரு சக்தி மட்டும் இருக்கிறது. அந்த ஊசிப் பாட்டில்தான், சிறுவயதுக் காய்ச்சலில் தன் கைகள் ஊதிப் பெருத்ததாக உணர்ந்ததைப் பிங்க் சொல்கிறான். கை! அந்த இடத்தில் 15 வயதுப் பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான்.

மூன்றாவது, வில்லத்தனம். மறைந்த மாயாவி ஊரையே மிரட்டுகிறான். ஊசி போட்ட பிங்க், தன்னைச் சர்வாதிகாரியாகக் கற்பனை செய்துகொண்டு ரசிகர்களைத் தரம் பிரிக்கிறான். அவனது படைக்குச் சின்னம், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள். ஓவியர் ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த அந்தச் சுத்தியல்கள் 1982-இல் வந்த திரைப்படத்தில் அணிவகுத்து நடக்கும். உடம்பில்லாமல் நடக்கும் இரும்பு! இதைவிட மாயாவிக்கு நெருக்கமான படம் வேறென்ன?

நான்காவது, முடிவு. பிங்க் தனக்குள்ளேயே வழக்கு நடத்தி, சுவரை இடிக்கும்படி தீர்ப்புப் பெறுகிறான். ஆல்பத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நின்றுவிடும். அதன் மீதி முதல் பாட்டின் தொடக்கத்தில் இருக்கும். அதாவது, தட்டு முடிவதே இல்லை. 'வேலியண்ட்' வாசகர்கள் ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் பார்த்த 'தொடரும்' என்ற சொல்லுக்கு இசையில் இதுதான் அர்த்தம்.

எதிர்த்தரப்பு சொல்வது

'தி வால்' எங்கே பிறந்தது என்பது ஊரறிந்த செய்தி. 1977 ஜூலையில் மாண்ட்ரியல் நிகழ்ச்சியில் கூச்சலிட்ட ரசிகர் ஒருவர் மீது குழுவைச் சேர்ந்த ரோஜர் வாட்டர்ஸ் எச்சில் துப்பினார். அந்த வெட்கத்திலிருந்துதான் தனக்கும் ரசிகர்களுக்கும் நடுவே ஒரு சுவர் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அவருடைய தந்தை 1944-இல் இத்தாலியின் அன்சியோ போரில் இறந்தவர். மனம் சிதைந்து குழுவைவிட்டு விலகிய நண்பர் சிட் பாரெட்டின் சாயலும் பிங்க்கிடம் உண்டு. இத்தனை இருக்க, இரும்புக் கை எதற்கு?

என் பதில் இரண்டு. இந்தக் குழுவுக்கும் காமிக்ஸுக்கும் உறவு இருந்தது. 1968-இல் வந்த அவர்களது இரண்டாவது ஆல்பத்தின் உறையை உற்றுப் பார்த்தால், மங்கலான வண்ணங்களுக்குள் மார்வெல் காமிக்ஸின் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் தெரிவார். விபத்தில் கைகள் சேதமாகி, அதன் பிறகு மாயசக்தி பெற்ற அறுவை மருத்துவர் அவர். மறுபடியும் கை. இரண்டாவது, 'வேலியண்ட்' முதல் இதழ் வெளியான 1962-ஆம் ஆண்டில்தான் 19 வயது வாட்டர்ஸ் கட்டடக்கலை படிக்க லண்டனில் ரீஜண்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். சுவர் கட்டப் படித்த மாணவனும் மறையும் மனிதனும் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில்.

இது சான்று ஆகாது. ஆனால் பிங்க் ஃபிளாய்டு ரசிகர்களுக்கு இப்படிப்பட்ட விளையாட்டு பழக்கமானது. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை 1939-ஆம் ஆண்டுப் படமான 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' உடன் சேர்த்து ஓட்டினால் காட்சியும் இசையும் பொருந்துகின்றன என்று 1995-இல் ஓர் அமெரிக்க நாளிதழ் எழுதியது. அந்த ஆல்பத்தின் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் மறுத்தும், மக்கள் இன்னும் இரண்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்கிறார்கள்.

வைக்கோலும் யானையும்

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த முடிச்சைத் தமிழன் பல நூறு ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குச் சிலேடை என்று பெயரும் வைத்திருக்கிறான். காளமேகப் புலவர் வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் கட்டினார். களம் என்றால் நெற்களமும் ஆகும், போர்க்களமும் ஆகும். கோட்டை என்றால் நெல்லைக் கட்டி வைக்கும் கோட்டையும் ஆகும், அரண்மனைக் கோட்டையும் ஆகும். பாம்பையும் எள்ளையும், ஆட்டையும் குதிரையையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

வைக்கோலுக்குள் யானை இருக்கிறது என்று காளமேகம் யாரையும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கட்டுவதற்கு அவர் வைக்கோலையும் யானையையும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். ரசிகனின் ஊகமும் அப்படித்தான். மாயாவி இல்லாவிட்டால் 'தி வால்' ஆல்பத்தில் எத்தனை இடங்களில் கை வருகிறது என்று நான் கவனித்திருக்கவே மாட்டேன். 'தி வால்' இல்லாவிட்டால், மறைந்து வாழ்கிறவனின் தனிமை மாயாவியின் முகத்தில் தெரிவதையும் பார்த்திருக்க மாட்டேன். இரண்டில் ஒன்றை மட்டும் நேசிக்கிறவனுக்கு இந்த முடிச்சு வசப்படாது.

எதிர்நாயகனைப் புரிந்துகொள்ள, அந்தப் பழம்பொருள் சந்தை இருந்த ஜாலான் புசார் வட்டாரம் நல்ல பள்ளிக்கூடம். இங்குள்ள தெருக்களில் பல முதல் உலகப் போரின் பெயர்களைத் தாங்கியவை: கிச்சனர், ஜெல்லிக்கோ, டிர்விட், வெர்டன். அவற்றில் ஒன்று பெட்டேன் ரோடு. பூவேலைப் பீங்கான் ஓடு பதித்த அழகான வரிசை வீடுகள் அங்கே உண்டு. 1916-இல் வெர்டன் போரின் வீரராகக் கொண்டாடப்பட்ட பிரெஞ்சுத் தளபதி பெட்டேன், 1940-இல் ஹிட்லரோடு கைகோத்த அரசின் தலைவரானார்; 1945-இல் தேசத்துரோகக் குற்றத்துக்கு மரணதண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் பெயர்ப்பலகை அப்படியே நின்றது. மாயாவி வில்லனாகத் தொடங்கி நல்லவனானான். பெட்டேன் நேர் எதிர். அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம், மனிதன் எந்தப் பக்கத்திலிருந்தும் எந்தப் பக்கத்துக்கும் போவான் என்று தோன்றும்.

1930-களில் தொடங்கிய சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பக்கத்திலேயே ஜாலான் புசார் ரயில் நிலையம் திறந்தது. இன்று எனக்குப் பிடித்த பாட்டைப் போட்டால், அதே மாதிரி இன்னொரு பாட்டைக் கைப்பேசி தானே எடுத்துத் தருகிறது. கேசட்டுக்குப் பக்கத்தில் காமிக்ஸையும், காமிக்ஸுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டியையும் அது வைப்பதில்லை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது பெரியவரின் நீலத் தார்ப்பாய்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் காமிக்ஸின் மறுபதிப்பு கையில் கிடைத்தது. கிழிந்துபோயிருந்த கடைசிப் பக்கங்களை முதன்முறையாகப் படித்தேன். எல்லாம் சரியாகவே முடிந்திருந்தது. படித்து முடித்தவுடன் பழைய பிரதியை எடுத்து, பக்கம் அறுந்த இடம்வரை மறுபடி புரட்டினேன். அந்த இடத்துக்கு வந்ததும், பாட்டு எதுவும் ஓடாமலேயே, செங்கற்கள் விழும் சத்தம் கேட்டது.