பாக்கி இருந்தாலும் வாருங்கள்

சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் பில்லிங் கவுண்டரில் உட்காருகிறேன். "பணத்துலயே குறியா இருக்காங்க" என்று நோயாளியின் வீட்டார் சொல்வதும், "டிஸ்சார்ஜ் நேரத்துல ஆளையே காணோம்" என்று நிர்வாகம் சொல்வதும் ஒரே நாளில் என் காதில் விழும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பணத்தைப் பற்றி உரிய நேரத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

குடலிறக்க ஆபரேஷன் என்றால் டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர், அறை வாடகை, மருந்து, டெஸ்ட் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி, எது கூடக்கூடும் என்பதையும் சேர்த்து, அட்மிஷன் போடும்போதே கொடுத்துவிடுவேன். அம்மாவை வேறோர் இடத்தில் சேர்த்திருந்த ஒருவர் சொன்னார்: "முதல் நாளே சொல்லியிருந்தா சீட்டை எடுத்திருப்பேன் மேடம். கடைசி நாள் சொன்னதால வட்டிக்கு வாங்கினேன்." அதனால்தான் தினமும் சாயங்காலம், அன்றுவரை ஆன கணக்கை நோயாளியுடன் இருப்பவரிடம் காட்டிவிடுகிறோம்.

காப்பீடு இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியார் பாலிசியில் கேஷ்லெஸ் என்றால், டிஸ்சார்ஜ் கோரிக்கை போன 3 மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் உத்தரவிட்டது. தாமதத்தால் கூடும் செலவும் நிறுவனத்தையே சேரும். ஆனால் கையுறை, பஞ்சு போன்ற சில்லறைச் செலவுகளைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. அந்தத் தொகையைக் கையில் வைத்திருங்கள். இன்னொன்று: ஒரே சிகிச்சைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக நாங்கள் வாங்கக் கூடாது. 2017 முதல் வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது.

பணம் பேசக் கூடாத நேரமும் உண்டு. உயிருக்குப் போராடுபவருக்கு முதலில் சிகிச்சை, மற்றவை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு, அதற்கென உள்ள திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. அந்தத் திட்டம் 2021-இல் தொடங்கியது.

என்னை மிகவும் வருத்துவது பெரிய பில் அல்ல, சின்ன பாக்கி. சர்க்கரைக்கு மாதாமாதம் வரும் அக்கா, முந்நூறு ரூபாய் பாக்கி நின்றதும் வருவதை நிறுத்திவிடுகிறார். கூச்சம். ஆறு மாதம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு வருகிறார். அதனால் பாக்கியை நாலு பேர் முன்னால் நான் கேட்பதில்லை. தனியே உட்காரவைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு முடியும் என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறேன். இப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கட்டிவிடுகிறார்கள்.

கட்ட முடியவில்லை என்றால் கவுண்டரில் சொல்லுங்கள், தவணை கேளுங்கள். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. அடுத்த செக்கப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.