செக்ரோல் நிரையும் நினைவகப் பொருளும்: தோட்டப் பதிவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டமையை வரலாற்று நூல்கள் தவறாது குறிப்பிடுகின்றன. அத்தேயிலையுடன் கூடவே வளர்ந்த பதிவேடுகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. பெரட்டுக்களத்தில் நாள்தோறும் பெயர் போடும் செக்ரோல், கங்காணியின் கடன் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவுகள், பின்னாளில் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு என, தோட்டத் தொழிலாளி அதிகார உலகுக்கு அறிமுகமானது ஏட்டின் ஒரு நிரையாகவே. இத்தகைய ஏடுகளைக் கணினியில் ஏற்றி ஆராய விழைவோர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலை, அதாவது அட்டவணையின் நிரையைச் செய்நிரலின் பொருளாக மாற்றுவதிலுள்ள சிக்கலை, இங்கு நாம் நோக்குவோம்.

தொடர்புநிலைத் தரவுத்தளம் என்னும் கருத்தை எட்கர் கொட் 1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் முன்வைத்தார். அதன்படி தரவுகள் யாவும் அட்டவணைகளில் அமையும். ஒவ்வொரு நிரையையும் முதன்மைச் சாவி இனங்காட்டும். ஒரு நிரைக்கும் பிறிதொரு நிரைக்குமான உறவை அந்நியச் சாவி உணர்த்தும். நோர்வேயில் தோன்றிய சிமுலா 67 முதலாக வளர்ந்த பொருள்நோக்கு மரபு வேறானது. அங்கு ஒரு பொருள் மற்றொரு பொருளை நேரே சுட்டிநிற்கும். இவ்விரண்டையும் இணைக்கும் படையை, ரூபி மொழியில் 2004இல் வெளிவந்த ரெயில்ஸ் சட்டகத்தின் அக்டிவ் ரெக்கோர்ட், பைதன் மொழியில் 2006இல் வெளிவந்த எஸ்கியூஎல்அல்கெமி முதலியன பரவலாக்கின. அட்டவணைக்கு ஒரு வகுப்பு, நிரைக்கு ஒரு பொருள், அந்நியச் சாவிக்கு ஒரு சுட்டு என்பதே அடிப்படை ஒப்பந்தம்.

‘தொழிலாளி’ என்னும் அட்டவணையில் எண், பெயர், பிறந்த நாடு, தந்தை எண் ஆகிய நான்கு நிரல்கள் உள்ளன எனக் கொள்வோம். தந்தை எண் அதே அட்டவணையின் மற்றொரு நிரையைக் குறிப்பது. இணைப்புப் படை இருக்குமாயின், ‘தொழிலாளி.தந்தை.பெயர்’ என்று எழுதினாலே போதும். வேண்டிய வினவலை அப்படையே இயற்றிக்கொள்ளும். (2008இல் வந்த பைதன் 3 தமிழிலேயே மாறிப் பெயர்களை எழுத இடமளிக்கிறது. நமது மாணவர்கள் இதனைப் போதிய அளவு பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.)

சிக்கல் வெற்றிடத்தில் தொடங்குகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர்களிடமும் தந்தை இங்கு பிறந்தவர் என்பதற்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்பதற்கோ சான்று கேட்டது. முந்திய தலைமுறையினர் பலரின் பிறப்பு எந்த ஏட்டிலும் ஏறியிருக்கவில்லை. நமது அட்டவணையில் அவர்களது ‘பிறந்த நாடு’ வெற்றாகவே இருக்கும். தரவுத்தள மொழியில் இவ்வெற்றுக் குறியின் பொருள் ‘இல்லை’ என்பதன்று, ‘தெரியாது’ என்பதாகும். ஆதலால் ‘இலங்கையில் பிறந்தோர்’ என வினவினாலும் அந்நிரை வாராது; ‘இலங்கையில் பிறவாதோர்’ என வினவினாலும் வாராது. இரு பட்டியல்களின் கூட்டுத்தொகை மொத்தத் தொகையிலும் குறைந்து நிற்கும். அக்குறைவே ஆய்வாளனுக்கு எச்சரிக்கை.

அதே நிரை பைதன் பொருளாக மாறும்போது வெற்றுக்குறி ‘நன்’ என்னும் ஒரு மதிப்பாகி விடுகிறது. நன் என்பது ‘இலங்கை’ என்னும் சொல்லுக்குச் சமமா எனின், அன்று என்பதே மொழியின் விடை. எனவே நினைவகத்தில் வைத்து வடிகட்டுமிடத்து, ஆவணமற்றோர் அனைவரும் எவ்வித ஓசையுமின்றிப் ‘பிறவாதோர்’ பட்டியலில் சேர்ந்துவிடுவர். கூட்டுத்தொகையும் பிசகாது. ஆவணம் இல்லாமையை உரிமை இல்லாமையாகக் கொண்ட 1948இன் தர்க்கத்தை, செய்நிரலாளர் அறியாமலே, இங்கு ஒரு வரி நிகழ்த்திவிடுகிறது. இதற்கு எதிரான பிழையும் உண்டு. தந்தை எண் தெரியாத இருவரைப் பைதனில் ஒப்பிட்டால், நன்னும் நன்னும் சமமாதலின், அவர்கள் உடன்பிறந்தோர் என்றாகும். தரவுத்தளமோ அவ்வாறு சொல்லாது. ஆதலால் இத்தகைய வடிகட்டலை வினவலாகவே தளத்திடம் ஒப்படைத்தல் வேண்டும்; இயலாதவிடத்து ஆம், அன்று, தெரியாது என மூன்று விடை தரும் செயலொன்றை வகுப்பில் அமைத்தல் வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வினாவையே மாற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரோ, அவர்தம் வழித்தோன்றலோ என்பதே அதன் நிபந்தனை. வழித்தோன்றலை அறியத் தலைமுறை தலைமுறையாக மேலேற வேண்டும். ‘தந்தை’ என எழுதும் ஒவ்வொரு முறையும், அப்பொருள் ஏலவே நினைவகத்தில் இராவிடின், புதிய வினவல் ஒன்று தளத்துக்குச் செல்லும். ஐந்நூறு பேருக்கு மூன்று தலைமுறை என்றால் வினவல்கள் ஆயிரத்தைத் தாண்டக்கூடும். தன்னைத்தானே அழைக்கும் மீள்வினவல் 1999ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரத்திலேயே இடம்பெற்றது. ஒரே வினவலில் வேலை முடியும். அழகுக்காக இதனை ஒதுக்குவது வீண்.

பெயரைச் சாவியாகக் கொள்வது இதனினும் கேடானது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேற்றுமொழிப் பதிவாளர் செவியிற் பட்டவாறு மற்றொரு பெயர் என ஒருவரே இருவராதல் தோட்டங்களில் அரிதன்று. இவற்றுள் எது சரி எனத் தீர்ப்பிடுதல் செய்நிரலின் வேலையன்று. ஆளுக்கு ஒரு பொருளற்ற எண்ணைச் சாவியாகக் கொடுத்து, ஆவணந்தோறும் காணப்படும் பெயர் வடிவங்களைத் தனி அட்டவணையில் ஏட்டின் பெயருடனும் ஆண்டுடனும் வைப்பதே தகும்.

யுனிக்கோட் முறையில், ‘பொன்னம்மா’ என்பதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் கணினிக்கு வேறு வேறு. மாறிப் பெயர்களைப் பைதன் தானே ஒரு வடிவுக்குக் கொணரும். சரங்களை அவ்வாறு செய்யாது. எனவே இயல்பாக்கத்தை இணைப்பு வகுப்பிலேயே, பெயர் தளத்திற் பதியுமுன், நிகழுமாறு அமைத்தல் வேண்டும். முன்னரே ஏறிவிட்ட நிரைகளை ஒருமுறை முழுமையாகப் படித்து மீண்டும் எழுதவேண்டியிருக்கும்.