பணம் இருக்கிறது, கணக்குக்காரர் எங்கே?

தெற்கு டெல்லியில் முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பும் அதை ஒட்டிய ஆர்.கே.புரமும் நெடுங்காலமாகத் தமிழர் புழங்கும் இடங்கள். மத்திய அரசு வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று, மலை மந்திர் முருகனை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். பிள்ளைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளியில் படித்தார்கள். பக்கத்திலேயே ஜே.என்.யூ., ஐ.ஐ.டி. அங்கிருந்து நியூஜெர்சி, டொராண்டோ, சிங்கப்பூர். அவர்கள் விட்டுப்போன சைக்கிளையும் டேப்ரெக்கார்டரையும் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் எப்போதோ எடைக்கு எடுத்துப் போய்விட்டார். பேங்க் பாஸ்புக் மட்டும் பீரோவில் கிடக்கிறது.

முதல் வேலையின் சம்பளக் கணக்கு, ஆராய்ச்சி உதவித்தொகை வந்த கணக்கு, அம்மா மிச்சம்பிடித்துப் பிள்ளை பேரில் போட்ட எஃப்.டி. பத்துப் பதினைந்து வருடம் கழித்து டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது ஞாபகம் வந்து கிளைக்குப் போனால், கவுண்டரில் இருப்பவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு "இப்படி ஒரு அக்கவுண்டே இல்லையே" என்று இந்தியில் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். வீட்டில் எல்லோருக்கும் பணம் போயேபோச்சு என்ற முடிவு. அந்த முடிவு பெரும்பாலும் அவசரமானது.

முதல் காரணம் வங்கியே பெயர் மாறியிருப்பது. 2020 ஏப்ரல் 1 அன்று ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸ் பஞ்சாப் நேஷனல் வங்கிக்குள் போனது. அதே நாளில் சிண்டிகேட் வங்கி கனரா ஆனது, ஆந்திரா வங்கி யூனியன் வங்கியானது, அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியானது. அதற்கு ஓராண்டு முன்பு விஜயா வங்கியும் தேனா வங்கியும் பரோடா வங்கியில் கரைந்தன. நம் பக்கத்தில் பேங்க் ஆஃப் மதுரா 2001-லேயே ஐசிஐசிஐ ஆகிவிட்டது. 1926-ல் கரூரில் தொடங்கிய லக்ஷ்மி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூர்க்காரர்களின் டி.பி.எஸ். கைக்குப் போனது. இணைப்புக்குப் பிறகு கணக்கு எண் மாறியிருக்கலாம், கிளையும் இடம் மாறியிருக்கலாம். பழைய எண்ணைப் புதிய கணினி அறியாது, அவ்வளவுதான். "பழைய எண்ணுக்கு நிகரான புதிய எண்ணைத் தேடித் தாருங்கள்" என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

இரண்டாவது காரணம் காலம். வாடிக்கையாளர் இரண்டு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அது செயலற்ற கணக்கு. பத்து ஆண்டு தாண்டினால், வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26ஏ பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு அந்தப் பணம் போய்விடும். 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் 78,213 கோடி ரூபாய் சேர்ந்திருந்தது. அரசு எடுத்துக்கொண்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. உரிமை போவதில்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். உங்கள் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும். தந்துவிட்டு அது ரிசர்வ் வங்கியிடம் வாங்கிக்கொள்ளும். வட்டியுள்ள கணக்கானால் நிதிக்குப் போன பிறகும் வட்டி உண்டு. 2021 மே முதல் அது 3 சதவீதத் தனிவட்டி. அற்பம்தான், ஆனால் பூஜ்யமல்ல. அமெரிக்காவிலும் இதே கதைதான்: சில ஆண்டு தொடாத கணக்கு மாநில அரசின் பொறுப்புக்குப் போய்விடும். அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சந்தேகம்: மினிமம் பேலன்ஸ் இல்லையென்று அபராதமாகவே தின்றிருப்பார்களோ? செயலற்ற கணக்கில் அந்த அபராதம் கூடாது, சேமிப்பு வட்டியை வரவு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளில் இவை தெளிவாகவே இருக்கின்றன. கழித்திருந்தால் கணக்கு விவரம் கேட்டு வாங்கி, திருப்பிக் கேளுங்கள்.

எந்த வங்கி என்றே மறந்துவிட்டவர்களுக்கு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' இணையதளம் இருக்கிறது. முப்பது வங்கிகளில் உரிமை கோரப்படாத வைப்புகளை ஒரே இடத்தில் தேடலாம். பெயரோடு பான், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றைத் தர வேண்டும். தமிழருக்கு இங்கே ஒரு தனித் தொல்லை. பாஸ்புக்கில் 'கே. ராமநாதன்', பாஸ்போர்ட்டில் 'ராமநாதன் கிருஷ்ணமூர்த்தி', அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயரே பிள்ளையின் பெயராகிவிட்டிருக்கும். டெல்லியில் பள்ளிச் சான்றிதழ் எழுதியவர் தன் பங்குக்கு இனிஷியலை விரித்து எதையாவது சேர்த்திருப்பார். ஆகவே தேடும்போது எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். கிடைத்துவிட்டால், எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும்.

பணம் கிடைத்துவிட்டது என்றால் அடுத்து வங்கி தேடுவது ஆளை. கையெழுத்து மாறியிருக்கும். முகவரியில் யாரோ குடியிருப்பார்கள். எல்லாவற்றையும் விட ஆபத்து மொபைல் எண். தொண்ணூறு நாள் பயன்படுத்தாத இணைப்பை நிறுத்தலாம். நிறுத்திய எண்ணை இன்னொரு தொண்ணூறு நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே இதைச் சொன்னது. அதாவது விமானம் ஏறிய ஆறு மாதத்தில் உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் கைபேசிக்குப் போகத் தொடங்கிவிடலாம்.

வீடியோ வழியே அடையாளம் சரிபார்க்கும் கே.ஒய்.சி. இருக்கிறதே என்பார்கள். அது பொதுவாக இந்தியாவுக்குள் இருப்பவருக்குத்தான். வெளிநாட்டு இணைப்பைத் தடுக்க வேண்டும் என்பதே அதன் விதி. வெளிநாட்டில் இருப்பவருக்கு வேறு வழி உண்டு. பாஸ்போர்ட் நகலை இந்தியத் தூதரகமோ, அந்த நாட்டு நோட்டரியோ, நீதிபதியோ, இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரியோ சான்றளித்தால் போதும். இதை அறியாமலோ அறிந்தோ, "அவர் நேரில் வரணும்" என்று திருப்பி அனுப்பும் கிளைகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. ஆணையைச் சுட்டிக்காட்டுங்கள், தொனி மாறும். அப்பாவுக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்புவதானால், அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் பீரோவில் வைத்துக் காலம் கடத்துவது இங்கேதான்.

பேசாமல் இருப்பதற்கு ஒரு பயமும் காரணம். வேலைக்காக வெளிநாடு போனவர், தன் சாதாரணக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, இவரும் செய்யவில்லை. இப்போது போய்க் கேட்டால் மாட்டிக்கொள்வோமோ? வங்கிக்கு இது அன்றாடம் வரும் விஷயம். படிவம் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள். அதன்பின் வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். இருநாட்டு வரி ஒப்பந்தம் இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். பயந்து பணத்தையே விட்டுவிடுவதற்கு அந்த வரியே மேல்.

இதுவரை சொன்னது தூங்குகிற பணத்தைப் பற்றி. திருடப்பட்ட பணம் வேறு.

முனிர்காவிலிருந்து குருகிராம் அதிக தூரமில்லை. அங்கே ஒரு பெண்மணிக்கு நேர்ந்ததை 2024 பிப்ரவரியில் பிபிசி விரிவாக வெளியிட்டது. அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் பல்லாண்டு வாழ்ந்து 2016-ல் திரும்பியவர். இந்தியாவில் எஃப்.டி.க்கு நல்ல வட்டி என்று ஐசிஐசிஐ வங்கியின் கிளை மேலாளர் சொன்னதைக் கேட்டு, 2019 முதல் நான்கு ஆண்டுகளில் சுமார் 13.5 கோடி ரூபாயை அனுப்பினார். வட்டியோடு 16 கோடிக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வேறோர் ஊழியர் வேறு திட்டம் பற்றிப் பேச வந்தபோதுதான் எஃப்.டி. ஒன்றுமே இல்லை என்பது தெரிந்ததாக அவர் கூறினார். போலி ஸ்டேட்மென்ட், அவர் பெயரிலேயே ஒரு போலி மின்னஞ்சல், வங்கிப் பதிவில் மாற்றப்பட்ட மொபைல் எண் என்பவை அவரது குற்றச்சாட்டுகள். மோசடி நடந்ததை வங்கி ஒத்துக்கொண்டது, தன்னையும் மேலாளர் ஏமாற்றியதாகச் சொன்னது. இவ்வளவு நாள் அந்தப் பெண்மணி கவனிக்காமல் இருந்தார் என்பதை நம்ப முடியவில்லை என்றும் சொன்னது. விசாரணை முடியும்வரை எடுக்க முடியாதபடி 9.27 கோடியை அவர் கணக்கில் வைக்க முன்வந்தது. அவர் மறுத்துவிட்டார்.

"நீங்கள் ஏன் கவனிக்கவில்லை?" என்ற இந்தக் கேள்வி பழையது. உச்ச நீதிமன்றம் 1987-லேயே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. கனரா வங்கி வழக்கு அது. ஒரு நிறுவனத்தின் கணக்காளர் 42 காசோலைகளில் கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்துவிட்டார். பாஸ்புக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்றது வங்கி. பாஸ்புக்கைச் சரிபார்த்துச் சொல்வது வாடிக்கையாளரின் கடமையல்ல, கள்ளக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தது வங்கியின் பொறுப்பே என்றது நீதிமன்றம். மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: தவறு வங்கியுடையதானால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை, வேறு எங்கோ தவறு நடந்திருந்தாலும் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு இல்லை, வாடிக்கையாளர்மீதுதான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. அசாம் வாடிக்கையாளர் ஒருவர் இழந்த 94,204 ரூபாய் 80 காசுக்காக ஸ்டேட் வங்கி உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 3 அன்று தோற்றது.

ஆனால் சட்டம் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. டெல்லித் தமிழர்கள் அதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அலகாபாத் வழக்கில், ஒரு பெண்ணின் கணக்கில் போட, தெரிந்தவரான வங்கி ஊழியரிடம் பணத்தைக் கொடுத்து வந்தார்கள். அவர் பாஸ்புக்கில் பொய் வரவு எழுதிக் கொடுத்துக்கொண்டே பணத்தைச் சுருட்டினார். அவர் அதை நண்பராக வாங்கினார், ஊழியராக வாங்கவில்லை, ஆகவே வங்கி பொறுப்பல்ல என்றது தீர்ப்பு. 2022 பிப்ரவரியில் கிசான் விகாஸ் பத்திரம் தொடர்பான வழக்கில், பணியின்போது ஊழியர் செய்த மோசடிக்கு அஞ்சல் துறையே பொறுப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது. வேறுபாடு, ஊழியர் அதைப் பணியின்போது செய்தாரா, நண்பராகச் செய்தாரா என்பதில் இருக்கிறது. "நம்ம ஊர்க்காரர், பேங்க்ல இருக்கார், எல்லாம் பார்த்துப்பார்" என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கோயிலில் பார்த்த அறிமுகத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுபவர், தனக்கு எதிரான வாதத்தை வங்கியிடம் தானே ஒப்படைக்கிறார்.

நியாயம் கேட்கும் வழிக்கு வருவோம். முதலில் வங்கிக்கு எழுத்துப்பூர்வமான புகார். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரில் வந்த திட்டம். இணையத்திலேயே மனு போடலாம், எங்கிருந்தும் போடலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. சொல்லப்போனால், உங்கள் சார்பாக வக்கீல் மனுப் போட அனுமதியே இல்லை. இதற்கும் ஒரு காலவரம்பு உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நுகர்வோர் ஆணையம் இன்னொரு கதவு. ஆனால் மோசடியா இல்லையா என்று ஆழமாகச் சாட்சி விசாரிக்க வேண்டிய வழக்குகள் அங்கே நிற்காது. கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கி தொடர்பான வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. அத்தகைய வழக்குக்கு சிவில் நீதிமன்றமும் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவும்தான்.

"இத்தனை வருஷம் ஆயிடுச்சே, காலாவதி ஆகியிருக்குமே" என்று கிளையில் சொன்னால் நம்ப வேண்டாம். வங்கியில் கேட்டவுடன் தர வேண்டிய பணத்துக்கு மூன்றாண்டுக் காலவரம்பு, நீங்கள் கேட்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பணம் போட்ட நாளிலிருந்து அல்ல. மோசடியானால், அது தெரியவந்த நாளிலிருந்து. ஆனால் வங்கிகள் பழைய பதிவேடுகளைச் சட்டப்படி சில வகைக்கு ஐந்து ஆண்டும் சில வகைக்கு எட்டு ஆண்டும்தான் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பின் சாட்சி உங்கள் பீரோவில் இருக்கும் பாஸ்புக்கும் எஃப்.டி. ரசீதும்தான்.

இப்போது ஒரு சாதகமான நேரமும்கூட. செயலற்ற கணக்குப் பணத்தை உரியவரிடம் சேர்க்கும் வங்கிகளுக்கு, கணக்கு ஒன்றுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகை தருகிறது. நம் பணத்தை நமக்குத் தருவதற்கு அவர்களுக்குப் பரிசா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி, ஆனால் அதைப் பணம் கைக்கு வந்த பிறகு கேட்போம். 2025 அக்டோபர் 1-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2026 செப்டம்பர் 30 வரைக்கும்தான்.

ஆகவே பெற்றோரே, பீரோவைத் திறந்து பழைய பாஸ்புக்குகளை எல்லாப் பக்கமும் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளே, அடுத்த முறை வரும்போது ஷாப்பிங்குக்கு வைத்த ஒரு காலைப்பொழுதை வங்கிக்குக் கொடுங்கள். கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், தேதியும் ரப்பர் முத்திரையும் போட்ட ஒரு பிரதியை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.