சமயத்தாரும் விவாகச் சட்டமும்

ஒரு மதசபை அரசியல் களத்தில் இறங்கினால், அதன் மீது எவ்வளவு தூரம் கோபம் கொள்ளலாம்? இக்கேள்வி மதுரை வாசிகளுக்கு அன்னியமானதன்று. ஆணொருவரும் திருநங்கை ஒருவரும் செய்துகொண்ட விவாகம் ஹிந்து விவாகச் சட்டப்படி செல்லும் என 2019 ஏப்ரல் 22-ல் தீர்ப்பளித்தது நமது ஹைகோர்ட் மதுரைக் கிளையே. ஒருபாலார் விவாகத்தையோ, சட்டசபைகளே தீர்மானிக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர் 17-ல் விட்டுவிட்டது. ஆகவே இனி ஒவ்வொரு சமயத்தாரும் வாய் திறப்பர். அமெரிக்கா கண்ட அனுபவத்தை நாம் அறிதல் நலம்.

2008-ல் காலிபோர்னியாவில் அத்தகைய விவாகத்தைத் தடுக்கும் 8-வது பிரேரணை ஜனவாக்குக்கு விடப்பட்டது. அது நிறைவேறப் பொருளும் உழைப்பும் தருமாறு மார்மன் சபைத் தலைவர்கள் தம் மதத்தாருக்கு நிருபம் விடுத்தனர். நவம்பர் 4-ல் நூற்றுக்கு 52 பேர் ஆதரவால் பிரேரணை வென்றது. உடனே லாஸ் ஏஞ்சல்ஸிலும் சால்ட் லேக் நகரிலும் மார்மன் ஆலயங்களின் முன் கண்டனக் கூட்டங்கள் திரண்டன. நன்கொடையாளர் பெயர்கள் சட்டப்படி பகிரங்கமானவை. எனவே பகிஷ்காரம் தனிமனிதரையும் தொட்டது. நாடகசபை நிர்வாகி ஒருவர் பதவி துறந்தார். சில பிரார்த்தனை மண்டபங்கள் சேதமுற்றன. ஆலயங்களுக்கு வெண்பொடி இட்ட கடிதங்கள் வந்து பீதியூட்டின.

அம்மாகாணத்தில் மார்மன்கள் நூற்றுக்கு இருவர் அளவே. பிற மதத்தார் பலரும் ஆதரித்த பிரேரணைக்குப் பழி சிறு கூட்டத்தின் தலையில் விழுந்தது. ஆயினும், பலதார மணத்துக்காகச் சர்க்காரால் ஒடுக்கப்பட்டு 1890-ல் அதைக் கைவிட்ட மதத்தார், பிறர் விவாகத்தைச் சட்டத்தால் தடுக்க முனைந்தது விந்தையே!

நமது அபிப்பிராயம் இது. மதசபை பேசலாம், பேசியபின் கண்டனத்தையும் கேட்டே தீரவேண்டும். பகிஷ்காரம் நம் தேசம் நன்கறிந்த ஆயுதம். அன்னியத் துணியை விலக்கச் சொன்ன காந்தியடிகள், அதை உடுத்தியவனை உதைக்கச் சொல்லவில்லை. 8-வது பிரேரணையும் கல்லெறிந்து வீழ்த்தப்பட்டதன்று. வழக்காடி 2013-ல் வீழ்த்தப்பட்டது. அதே மார்மன் சபை, தன் கொள்கையை விடாமலே, ஒருபாலார் விவாகத்துக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை 2022-ல் ஆதரித்தது. வாதத்துக்கு அத்தனை வலிமை உண்டு.

நாளை வில்லாபுரத்தில் ஒரு சபையார் நமக்குப் பிடிக்காத மசோதாவுக்காக உழைக்கலாம். அவர்களை மேடையில் எதிர்ப்போம், வாக்குச்சாவடியில் வெல்வோம். அவர்கள் தொழும் வாசலில் கல் விழுமாயின், அன்றே நம் கட்சி தோற்றதாகும்.