புள்ளி எழுத்தும் தமிழ் எழுத்திலக்கணமும்

எண்ணையும் எழுத்தையும் கண்ணாகப் போற்றுவது தமிழர் மரபு. கட்புலன் இழந்த குழந்தைக்கு அவ்வெழுத்து எவ்வழியாற் சென்று சேரும் என்னும் வினா, கல்வித் துறைக்கேயன்றி எழுத்திலக்கண ஆய்வுக்கும் உரியதாகும். விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்து, தமிழின் எழுத்தமைதியோடு எவ்வாறு பொருந்துகின்றது என்பதனையும், அதனைக் கற்பித்தல் இன்றும் இன்றியமையாதது ஏன் என்பதனையும் ஈண்டுக் காண்போம்.

எழுத்தின் தோற்றம்

பிரெஞ்சு நாட்டில் 1809இல் சேணம் செய்வோர் ஒருவரின் மகனாகப் பிறந்த லூயி பிரெய்ல், மூன்று வயதிலே தந்தையின் பட்டறை ஊசியாற் கண்ணிற் காயமுற்றுப் பின்னர்ப் பார்வையை முற்றும் இழந்தார். அவர் தம் பதினைந்தாம் வயதளவில் வகுத்த முறை 1829இல் நூலாக வெளிவந்தது. நெடுக்காக மும்மூன்று புள்ளிகள் கொண்ட இரு நிரைகளே அதன் அடிப்படை. இடநிரைப் புள்ளிகள் மேலிருந்து கீழாக 1, 2, 3 எனவும், வலநிரைப் புள்ளிகள் 4, 5, 6 எனவும் எண்ணப்பெறும். இவ்வாறு புள்ளிகளும் மேடெழுந்தும் எழாமலும் நிற்கும் வகையால் 63 வடிவங்கள் பிறக்கும்.

இந்திய மொழிகளுக்கு முன்னர்ப் பல்வேறு புள்ளி முறைகள் வழங்கின. அவற்றை ஒருமைப்படுத்திய பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பெற்றது. ஒத்த ஒலிக்கு ஒத்த வடிவம் என்பது அதன் நெறி. ஆதலின், ஆங்கிலத்திற் ககர ஒலிக்கு நிற்கும் 1, 3 என்னும் புள்ளிகளே தமிழ்க் ககரத்திற்கும் நிற்கின்றன.

தமிழுக்கு அமைந்த பொருத்தம்

தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகள் 247. இவற்றுள் 216 உயிர்மெய்கள். இவற்றிற்குப் பிரெய்லில் தனித்தனி வடிவம் இல்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, புள்ளிக்குறி ஒன்று ஆக 32 வடிவங்களால் அனைத்தும் எழுதப்பெறும். மெய்க்குரிய வடிவம் தனித்து நின்றால் அகரமேறிய மெய்யாம்; அதன்பின் வேறோர் உயிர் நின்றால் அவ்வுயிரேறிய உயிர்மெய்யாம். ககரத்தின்பின் ஒகர வடிவம் நிற்பின் அது 'கொ' ஆகும்.

உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. நாம் கண்ணாற் காணும் வரிவடிவத்திலோ 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் உயிர்க்குறி முன்வந்து நிற்கின்றது. 'கொ', 'கோ' என்பவற்றில் இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றது. பிரெய்ல் எழுத்து ஒலிக்கும் முறைப்படியே நிற்றலின், இவ்வகையில் அது தொல்காப்பிய நெறிக்கு மிக அணுக்கமானது. ஒற்றைக் காட்டும் புள்ளிக்குறி மட்டும் மெய்க்குமுன் வரும். 'அம்மா' என்னும் சொல், அகரம், புள்ளிக்குறி, மகரம், மகரம், ஆகாரம் என ஐந்து வடிவங்களாக அமைதல் காண்க.

செவியாற் பெறுதலும் விரலாற் பெறுதலும்

ஒலிநூல்களும், எழுத்தைப் படித்துக் காட்டும் கணிப்பொறிகளும் பெருகியுள்ள இக்காலத்திற் பிரெய்ல் வேண்டுமோ என வினவுவார் உளர். விரைந்து பல நூல் கேட்டற்கு அவை பெருந்துணையே. எனினும், கேட்டல் எழுத்தறிவு ஆகாது. நகரமும் னகரமும் இன்றைய வழக்கிற் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'முந்நாள்' என்பது மூன்று நாள். 'முன்னாள்' என்பது முற்பட்ட நாள். 'அரம்' இரும்பை அராவும் கருவி; 'அறம்' நல்லொழுக்கம். இவற்றைச் செவியால் மட்டும் பெறும் குழந்தை எழுத்து வேறுபாட்டை எங்ஙனம் அறியும்? அறியாத குழந்தை தேர்வில் எழுதும்போது பிழை செய்யும். அப்பிழை அதன் அறிவின் குறையாகக் கருதப்பெறும். உண்மையில் அது கற்பித்தலின் குறையே.

பிரெய்லில் இவ்வெழுத்துகள் விரலுக்குத் தெளிவாக வேறுபடுகின்றன. இடநிரைப் புள்ளிகள் மூன்றும் எழுந்தால் லகரம். வலநிரைப் புள்ளிகள் மூன்றும் எழுந்தால் ளகரம். 1, 2, 3, 5, 6 எழுந்தால் ழகரம். கட்புலனோடு செவிப்புலனும் இழந்த குழந்தைக்கோ ஒலிநூல் சிறிதும் பயன்படாது; அதற்குத் தொடுபுலனே வாயில்.

தமிழ்த்துறையின் கடன்

சட்டம் பெரும்பாலும் வழியமைத்துவிட்டது. பார்வையற்றோர் படித்தற்கேற்ற வடிவில் நூல்களை மாற்றுதற்கு 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடந்தந்தது. இதே நோக்குடன் 2013இல் மராக்கேசு உடன்படிக்கை உருவாயிற்று. 2014இல் அதனை முதன்முதல் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரெய்ல் அறிந்த ஆசிரியரை உருவாக்குதலையும், சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுடைய மாணவர்க்குப் பதினெட்டு வயது வரை நூல்களை விலையின்றி அளித்தலையும் அரசின் கடமையாக வகுத்துள்ளது.

எஞ்சியது புலமையோர் செய்யவேண்டிய பணியாகும். பிரெய்ல் நூல் மிகுந்த இடம் கொள்வது. அச்சில் ஒன்றாக உள்ள நூல் பிரெய்லிற் பல தொகுதிகளாக விரியும். செய்யுளடியைப் பிரித்தல், சந்தி பிரித்துக் காட்டல், உரையையும் மூலத்தையும் விரலுக்கு வேறுபடுத்தல், அடிக்குறிப்புக்கு இடம் வகுத்தல் ஆகியவற்றைத் தமிழறிந்தோரே முறைப்படுத்த வல்லர். தமிழாசிரியராகப் பயில்வோர்க்கு எழுத்திலக்கணத்தோடு இம் முப்பத்திரண்டு வடிவங்களையும் கற்பித்தல் நன்று. கண்ணுடையார் அவற்றைக் கண்ணாற் பார்த்தே கற்றல் கூடும். அஃது அரிய செயலன்று. பார்வையற்ற மாணவர் எழுதிய ஏட்டைத் தாமே படித்துப் பிழை திருத்த வல்ல ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் அமைவாராயின், அம்மாணவர் தமிழைப் பிறர் வாய்மொழியாக மட்டும் பெறாது, எழுத்தெண்ணிக் கற்கும் நிலை எய்துவர்.