புதுக் கணனி வாங்கினீர்களா? ஸ்லொட்டை எண்ணினீர்களா?

லண்டனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிறார். வார இறுதி நாட்களில் திருமண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுக்கவும் போவார். மகள் கொலிஜில் அனிமேஷன் படிக்கிறாள். 2023 புரட்டாதியில், சீட்டு எடுத்த காசில், 850 பவுணுக்கு ஒரு புதுக் கணனியைக் கடையில் வாங்கினார்கள். அந்த வீட்டுக்குள் வந்த சாமான்களில் அதுதான் விலை கூடியது.

வாங்குவதற்கு முன் மகள் கடைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தாள். படிப்புக்கு ஒரு கிராபிக்ஸ் காட் போடவேண்டும். தகப்பனிடம் பழைய வீடியோ நாடாக்களைக் கணனிக்கு மாற்றும் காட் ஒன்று இருக்கிறது, அதையும் போடவேண்டும். இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். "இரண்டையும் போடலாம்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் காசு கொடுத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத் தகட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அப்பா, இதுக்கை மற்றக் காட் போகாது."

பின்புறத்தில் நாலு தகட்டு மூடிகள் இருந்தன. ஆனால் உள்ளே தாய்ப்பலகையில் இருந்தவை இரண்டே இரண்டு ஸ்லொட்டுகள். பெரிய ஸ்லொட்டில் கிராபிக்ஸ் காட்டைச் செருகினால், அதன் தடிப்பு பக்கத்திலிருந்த சின்ன ஸ்லொட்டை முழுதாக மறைத்துவிட்டது.

"எங்களுக்கேன் வில்லங்கம்?"

திருப்பிக் கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள். தாய்க்கு அதில் நம்பிக்கை இல்லை. "திறந்த சாமானை ஆர் திருப்பி எடுப்பினம்? ஊரிலை எண்டால் கடைக்காரன் கலைச்சுவிடுவான்" என்றார். தகப்பனின் பயம் வேறு. என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அண்ணை, நிரந்தர வதிவிட விண்ணப்பம் போட்டுக் கிடக்கு. இந்த நேரத்திலை கடையோடை கொழுவினால் விசாவுக்கு ஏதும் வராதோ?"

இந்தக் கேள்வியைப் பலர் மனதில் வைத்திருக்கிறார்கள், வெளியே கேட்பதில்லை. பதில் இதுதான்: ஒன்றும் வராது. கடையில் வாங்கிய பொருளைப் பற்றிய முறைப்பாடு உங்களுக்கும் கடைக்கும் இடையிலான விவகாரம். பொலிசுக்கோ குடிவரவுத் திணைக்களத்துக்கோ அதில் வேலையில்லை. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வாங்கியவரின் பிரஜாவுரிமை என்ன என்று கேட்பதில்லை. தன் சொந்தத் தேவைக்கு வாங்கிய எவருக்கும் அது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விற்கப்படும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்கவேண்டும், விபரித்தபடி இருக்கவேண்டும், அதன் தேவைக்குப் பொருந்தவேண்டும். வாங்குபவர் தனக்கென்று ஒரு விசேட தேவையை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அதற்கும் அது பொருந்தவேண்டும். நமது கதையில் வரும் குடும்பத்துக்குக் கைகொடுத்தது இந்தக் கடைசி விதிதான்.

இப்படிப் பொருந்தாத பொருளைப் பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 30 நாள் கடந்தால் கடைக்கு ஒருமுறை திருத்தவோ மாற்றித்தரவோ வாய்ப்புக் கொடுக்கவேண்டும். அதுவும் சரிவராவிட்டால் திரும்பவும் பணத்தைக் கேட்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்லொட் குறைவாக இருப்பது மட்டும் பழுது ஆகாது. ஒரு ஸ்லொட் உள்ள கணனியும் நல்ல கணனிதான். தேவையை ஒருவருக்கும் சொல்லாமல் கடைக்குப் போய் வாங்கிவந்து, பிறகு போதவில்லை என்றால் சட்டம் உதவாது. அப்போது அந்தக் கடையின் சொந்தத் திருப்பியெடுக்கும் விதிகளைத்தான் நம்பவேண்டும்.

இணையத்தில் வாங்கினால் நிலைமை வேறு. பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கலாம். அறிவித்தபின் அனுப்பிவைக்க மேலும் 14 நாட்கள் உண்டு. ஆனால் பார்த்துச் சோதிப்பதற்கு மேலாகப் பாவித்துப் பழுதாக்கினால் ஒரு தொகையைக் கழிப்பார்கள்.

கடையில் நடந்தது

முதல் முறை மகள்தான் பேசினாள். தகப்பன் பின்னால் நின்றார். கடைக்காரர் மூன்று காரணம் சொன்னார். பெட்டி திறந்தாயிற்று, தயாரித்த கொம்பனியோடு பேசுங்கள், வேண்டுமென்றால் பணத்துக்குப் பதிலாக எங்கள் கடைச் சீட்டுத் தருகிறோம். மூன்றும் சரியல்ல. பெட்டியையும் பக்கத் தகட்டையும் திறந்ததால் மட்டும் நிராகரிக்கும் உரிமை போய்விடாது. உங்கள் ஒப்பந்தம் விற்ற கடையோடுதான், கொம்பனியோடு அல்ல. நிராகரித்த பொருளுக்குக் கடைச் சீட்டை ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

யூ.எஸ்.பி.யில் செருகும் கருவி ஒன்று வாங்கலாமே என்றும் சொன்னார். சிலருக்கு அது போதும். முதலில் யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இவர்களுடைய காட் ஏற்கனவே கையில் இருந்தது. அதற்கு இடம் உண்டு என்று கடையே எழுத்தில் சொல்லியும் இருந்தது.

அன்றிரவு ஒரு சிறு கடிதம் எழுதினோம். வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், முன்கூட்டிச் சொன்ன தேவை, கடை தந்த பதில், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொருளை நிராகரிப்பதாக ஒரு வரி, முழுப் பணமும் வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். 'ரிஜெக்ட்' என்ற சொல்லையே எழுதுங்கள். 'ஏதாவது செய்து தாருங்கள்' என்று எழுதினால் திருத்தித் தரவே பார்ப்பார்கள்.

பதினோராம் நாள் திரும்பவும் போனோம். இம்முறை தகப்பனே பேசினார். அந்தக் கடிதத்திலுள்ள ஆங்கில வசனங்களை பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். முகாமையாளர் கடிதத்தையும் மின்னஞ்சல் பிரதியையும் வாசித்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் கால் மணித்தியாலம் நின்றோம். வந்து, பணத்தைத் தருவதாகச் சொன்னார். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், கட்டிய வழியிலேயே பணத்தைத் திருப்பவேண்டும் என்பது சட்டம். இவர்களுக்கு ஆறாம் நாளே வந்து சேர்ந்தது. பெட்டியைக் கொண்டுபோன டாக்சிக் காசு மட்டும் இவர்களுடையது. கடையில் கையோடு வாங்கிய பொருளை நேரில் திருப்பிக் கொண்டுபோகும் செலவைக் கடை தரவேண்டியதில்லை.

மறுத்தால்?

கடனட்டையால் வாங்கியிருந்தால், பொருளின் விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை என்றால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை தந்த வங்கியும் பொறுப்பு. முற்பணத்தை மட்டும் கடனட்டையால் கட்டியிருந்தாலும் இது பொருந்தும். வங்கிக் கணக்கு அட்டை என்றால் 'சார்ஜ்பாக்' கேட்கலாம். அது அட்டை நிறுவனங்களின் ஏற்பாடு, சட்ட உரிமை அல்ல. சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம். கடைசி வழியாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையான கோரிக்கையைச் சட்டத்தரணி இல்லாமலே சிறு கோரிக்கை வழக்காகப் போடலாம்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

1981இல் வந்த ஐ.பி.எம். கணனியில் ஐந்து ஸ்லொட்டுகள் இருந்தன. திரைக்கும் அச்சுப்பொறிக்கும்கூட அன்று தனிக் காட் தேவைப்பட்டது. இன்று ஒலி, வலையிணைப்பு எல்லாம் தாய்ப்பலகையிலேயே வந்துவிடுவதால் ஸ்லொட்டுகளைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

• பின்புறத் தகட்டு மூடிகளை எண்ணி ஏமாறாதீர்கள். உள்ளே எத்தனை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டுகள் என்று கேளுங்கள்.

• கிராபிக்ஸ் காட் போட்டபின் எத்தனை மிஞ்சும் என்று கேளுங்கள். அனேகமானவை இரண்டு ஸ்லொட் அகலத்தைப் பிடிக்கும்.

• மினி ஐ.ரி.எக்ஸ். பலகையில் ஒரு ஸ்லொட்தான். மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். பலகையில் கூடியது நாலு. முழு ஏ.ரி.எக்ஸ். பலகையில் கூடியது ஏழு.

• நினைவகத்துக்கான இடங்களில் எத்தனை வெறுமையாக உள்ளன, மின்வழங்கி எத்தனை வாற் என்பதையும் கேளுங்கள்.

• பதிலை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல் இல்லையென்றால் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். 30 நாட்களுக்குப் பெட்டியையும் எறியவேண்டாம்.

அந்தக் குடும்பம் பிறகு வேறொரு கடையில், நாலு ஸ்லொட் உள்ள கணனியை 20 பவுண் குறைவாக வாங்கியது. காசு கொடுக்குமுன் மூடியைத் திறந்து காட்டும்படி கேட்டவர் தாய்தான்.