தொடையென்பு முறிவும் சத்திரசிகிச்சையும்

மனித உடலிலுள்ள என்புகளுள் நீளத்தாலும் வலிமையாலும் முதலிடம் பெறுவது தொடையென்பாகும். வளர்ந்தோரிடத்து அதன் தண்டு முறிவதற்குப் பெருவிசை தாக்குதல் வேண்டும். வீதி விபத்தும் மரத்தினின்று வீழ்தலும் அத்தகையன. தென்னை செறிந்த மட்டக்களப்பு வாவிக்கரையினர்க்கு இவ்விரண்டும் புதியனவல்ல.

இம்முறிவின் கேடு வெளியே தோன்றுவதிலும் பெரிது. தோல் கிழியாதிருப்பினும் தொடையினுள் ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை குருதி தேங்குதல் கூடும். வலிய தசைகள் முறிந்த நுனிகளை ஒன்றன்மேலொன்று ஏற இழுத்தலால் காலும் குறுகும். ஆதலின், பத்துப் போட்டுச் சிம்பு வைத்துக் கட்டும் முறை, கையின் சிறு முறிவுக்கு ஒருவாறு பயன்படினும், தொடைக்குப் போதாது.

முன்னாளில் வைத்தியசாலைகளிலும் பாரந் தொங்கவிட்டுக் காலை இழுத்து வைத்தலே வழக்கம். நோயாளர் வாரக்கணக்காகப் படுக்கையிற் கிடப்பர். படுக்கைப்புண், முழங்கால் விறைத்தல், நாளத்திற் குருதி உறைதல், என்பு கோணலாகப் பொருந்துதல் ஆகியன அதன் விளைவுகளாயின.

1939 ஆம் ஆண்டிலே செருமனியின் கீல் நகரத்துச் சத்திரவைத்தியர் கெராட் குன்ச்சர், என்பின் மச்சைக்குழியினுள் நீண்ட உருக்கு ஆணியைச் செலுத்தி, முறிவை உள்ளிருந்தே தாங்கச் செய்தார். இரண்டாம் உலகப்போரிற் சிறைப்பட்டு மீண்ட வீரர்தம் தொடைகளில் அவ்வாணியைக் கண்ட நேசநாட்டு வைத்தியர் வியப்புற்றனர். பிற்காலத்தில் ஆணியின் இரு முனைகளிலும் குறுக்குத் திருகாணிகள் பூட்டப்பட்டமையால் என்பு சுழலுதலும் குறுகுதலும் தடைப்பட்டன. பெரும்பாலும் முறிந்த இடத்தைத் திறவாது, இடுப்பருகே அல்லது முழங்காலிற் சிறு வெட்டிட்டே ஆணி செலுத்தப்படும். அதனால் முறிவைச் சூழ்ந்த குருதியோட்டம் பெரிதுங் குலையாது. நோயாளர் பலர் சில நாளிலேயே ஊன்றுகோலுடன் நடப்பர். என்பு பொருந்தப் பல மாதங்கள் செல்லும்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன் படுவான்கரையார் பலர் பாதையேறியே வாவியைக் கடந்தனர். பாலம் வந்த பின்பும், முறிவு வைத்தியரிடம் சில நாட் கழித்தே வைத்தியசாலை சேர்வோர் உளர். அத்தாமதம் உயிருக்கும் உலை வைக்கலாம். காலை இழுக்காமலும் உருவாமலும் நற்காலோடு சேர்த்துக் கட்டுக. புண்ணிருப்பின் தூய துணியால் மூடுக. சத்திரசிகிச்சை வேண்டப்படுமாதலின் உண்ணக் கொடாதொழிக. 1990 என்னும் இலக்கத்தை அழைப்பின் நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும். இவற்றை மாணவர் தத்தம் இல்லத்தாருக்கு எடுத்துரைப்பாராயின் அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.